வரிசைக்கு வரும் பற்கள்

சுபாங் ஜெயாவின் எஸ்.எஸ். 15 வட்டாரம் எப்போதும் மாணவர் கூட்டம் நிறைந்தது. கல்லூரிகள், உணவகங்கள், எல்.ஆர்.டி. நிலையம் என எல்லாம் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. 2019ஆம் ஆண்டில் இங்குள்ள ஒரே கடைவரிசையில் பபிள் டீ கடைகள் அடுத்தடுத்து முளைத்ததால், அந்தத் தெரு நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே வட்டாரத்தில் பல் மருத்துவ நிலையங்களும் உள்ளன. பள்ளி விடுமுறைக் காலத்தில் அங்குக் காத்திருப்போரில் பலர் பல் கம்பி அணிந்த இளையோராக இருப்பர்.

பல் சீரமைப்புச் சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை நீடிக்கும். சிக்கலான நிலையில் அதற்கு மேலும் ஆகலாம். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். ஒவ்வொரு சந்திப்பும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கூட்டிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளில் மருத்துவரின் நாற்காலியில் அமரும் நேரம் ஒரு முழு நாளைக்கூட எட்டாது. எஞ்சிய நாள்கள் அனைத்திலும் அந்தக் கம்பி மாணவரின் கவனிப்பில்தான் இருக்கிறது. ஒரே மருத்துவரிடம் ஒரே மாதத்தில் கம்பி மாட்டிக்கொண்ட இருவரில் ஒருவர் குறித்த காலத்தில் முடிப்பதற்கும், மற்றவர் மேலும் ஓராண்டு இழுபடுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

பற்கள் ஏன் வரிசை தவறுகின்றன? பெற்றோரிடமிருந்து வரும் மரபு முதற்காரணம். தாடை சிறியதாகவும் பற்கள் பெரியதாகவும் அமைந்தால் இடநெருக்கடி ஏற்படும். பாற்பற்கள் சொத்தையாகி முன்கூட்டியே விழுந்துவிட்டால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சாய்ந்துவிடும். பின்னால் முளைக்கும் நிலைப்பல்லுக்கு இடம் இராது. நீண்டகாலம் விரல் சூப்பும் பழக்கம் முன்பற்களை வெளியே தள்ளும். ஞானப்பற்கள் நீங்கலாக மற்ற நிலைப்பற்கள் பொதுவாக 12, 13 வயதில் முளைத்துவிடுகின்றன. இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே பல் கம்பி அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

வரிசை தவறிய பற்கள் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவை என்பதில்லை. கடிப்பதற்கும் மெல்லுவதற்கும் தடையாக இருப்பவை, ஈறுகளைக் குத்திக் காயப்படுத்துபவை, வெளியே நீட்டிக்கொண்டு எளிதில் உடையக்கூடியவை ஆகியன முதலில் கவனிக்கப்பட வேண்டும். தேவையின் அளவை மதிப்பிடப் பல் மருத்துவர்கள் தரப்படுத்தும் முறைகளைப் பயன்படுத்துகின்றனர். மலேசியாவில் பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு இத்தகைய குறைபாட்டைக் கண்டால், மாணவரை அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கிருந்து பல் சீரமைப்பு நிபுணரிடம் பரிந்துரைக்கப்படுவார். அரசாங்கச் சிகிச்சையில் செலவு குறைவு. ஆனால் கடுமையான குறைபாடு உடையோருக்கே முன்னுரிமை என்பதால் காத்திருக்க நேரிடும். தனியார் நிலையங்களில் காத்திருப்பு குறைவு. செலவோ பல ஆயிரம் ரிங்கிட். இந்த இரண்டுக்கும் இடையில், சில நூறு ரிங்கிட்டில் முடித்துத் தருவதாக ஒரு மூன்றாவது வழியும் சமூக ஊடகங்களில் கண்சிமிட்டும். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், பல் எப்படி நகர்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பல், சுவரில் அறைந்த ஆணிபோல் எலும்பில் இறுகிப் பதிந்திருக்கவில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நார்த்திசு உண்டு. ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள் வேரை எலும்போடு பிணைத்து, ஊஞ்சலைப்போல் அதைத் தாங்கி நிற்கின்றன. கடினமான பொருளைக் கடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவதும் இந்தத் திசுவே.

கம்பி ஒரு பல்லை மெல்லத் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் நார்த்திசு நசுங்குகிறது, எதிர்ப்பக்கத்தில் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வந்து சேர்ந்து, எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பல்லுக்கு வழிவிடுகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் புதிய எலும்பை உருவாக்கி, பின்னால் தோன்றும் இடைவெளியை நிரப்புகின்றன. ஒரு பக்கம் இடிப்பு, மறுபக்கம் கட்டுமானம். இந்த வேலையைக் கம்பி செய்வதில்லை, உடல்தான் செய்கிறது. எந்தத் திசையில் வேலை நடக்க வேண்டும் என்பதை மட்டுமே கம்பி சொல்கிறது.

உடலின் இந்த வேலைக்கென்று ஒரு வேகம் உண்டு. ஒரு பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அதுவே நல்ல முன்னேற்றம். இடம் போதாமல் ஒரு முன்கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருந்தால், சுமார் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகும். அதை மூடுவதற்கு மட்டுமே பல மாதங்கள் தேவைப்படும். ‘இரண்டு ஆண்டுகளா!’ என்று மலைப்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலைப்புக் குறையும்.

அப்படியானால், இன்னும் பலமாகத் தள்ளினால் விரைவில் முடியுமே என்று தோன்றலாம். அங்குதான் வியப்பு இருக்கிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் நார்த்திசுவில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் ஓடாத இடத்துக்கு எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் வர முடியாது. பல் நகர்வது தடைபடும். வேரும் கரைந்து குட்டையாகக்கூடும். ‘அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் முன்னோர் மொழி. பல்லின் கதையில் அந்த அடி மிக மெல்லியதாக இருக்க வேண்டும். ஓயாமலும் இருக்க வேண்டும்.

மெல்லிய, ஓயாத விசையைத் தரும் கருவியைத் தேடியதே இத்துறையின் வரலாறு எனலாம். பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வளைந்த உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி இழுக்கும் முறையை விளக்கினார். பற்கள் கடிக்கும் முறையை வகைப்படுத்தும் திட்டத்தை அமெரிக்கரான எட்வர்டு ஏங்கிள் 1899இல் வெளியிட்டார். மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர். முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்ட வேண்டியிருந்தது. பற்சிப்பியின்மேல் பசை உறுதியாகப் பிடிப்பதற்கான வழியை மைக்கேல் புவனகோர் 1955இல் கண்டறிந்த பிறகே, சிறு பிடிகளைப் பல்லில் நேரடியாக ஒட்டுவதற்கு வழி பிறந்தது. மருத்துவர்கள் ‘பிராக்கெட்’ என்று கூறுவது இந்தப் பிடிகளையே. 1970களில் நிக்கல், டைட்டானியம் ஆகிய உலோகங்கள் கலந்த கம்பி வந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்ப முயல்வது இக்கம்பியின் இயல்பு. கோணலான பற்களின் பிடிகளில் அதை வளைத்து மாட்டினால், அது நேராக முயன்று பற்களையும் மெல்ல உடன் இழுத்து வருகிறது.

இந்த அறிவியல் தெரிந்தால், போலிப் பல் கம்பி எவ்வளவு ஆபத்தானது என்பது தானே விளங்கும். பல் மருத்துவம் படிக்காதவர்கள் விடுதி அறைகளிலும் அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் மலிவு விலையில் கம்பி பொருத்தும் போக்கு நம் நாட்டில் பரவியது. மலாக்காவில் இவ்வாறு பதிவின்றிப் பல் கம்பிச் சேவை நடத்திய 20 வயது இளம்பெண்ணுக்கு 2017இல் நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அந்தச் செய்தி நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமா என்று கேட்டோரும் உண்டு. ஆனால் தவறான விசையால் கரைந்த வேர் மீண்டும் வளராது. எக்ஸ்ரே எடுத்து வேரையும் எலும்பையும் பார்க்காமல், எந்தப் பல் எத்திசையில் நகர வேண்டும் என்று திட்டமிடாமல் கம்பி மாட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு எலும்பை இடிப்பதற்குச் சமம். கருவிகள் சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாவிட்டால் இரத்தத்தின் வழி நோய்களும் பரவலாம். மலிவு என்று நம்பிச் சென்றவர், பின்னர் உண்மையான நிபுணரிடம் பன்மடங்கு செலவழிக்க நேரிடும்.

இதைத் தவிர்ப்பது எளிது. பல் மருத்துவர்கள் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; தொழில் நடத்துவதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒருவரின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்பதை மன்றத்தின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். சிகிச்சைக்குமுன் அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கம்பி மாட்டிய முதல் வாரமே பலருக்குக் கடினமான வாரம். மாட்டிய அன்றே வலி தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுநாள் உச்சத்தை அடைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிந்துவிடும். நசுங்கிய நார்த்திசுவிலிருந்து எழும் வலி அது. வேலை தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். அந்நாள்களில் கஞ்சி, இட்லி, இடியாப்பம், தயிர்ச் சோறு, நன்கு வெந்த காய்கறி ஆகியன கைகொடுக்கும். வலி மிகுந்தால் எந்த மாத்திரை சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். சிலவகை வலிநிவாரணிகள் பல் நகர்வதற்குத் துணைபுரியும் வேதிப்பொருள்களையும் சேர்த்தே அடக்கக்கூடும் என்பதால், வீட்டில் இருப்பதை எடுத்து விழுங்குவது சரியன்று. தேர்வு வாரத்துக்கு முந்தைய நாளில் கம்பியை முறுக்கிக்கொள்ளாமல், சந்திப்பு நாளை முன்கூட்டியே திட்டமிடுவதும் அறிவுடைமை.

அடுத்தது உணவு. பிடிகள் பல்லில் உறுதியாக ஒட்டியிருந்தாலும், சிகிச்சை முடிந்ததும் பற்சிப்பிக்குச் சேதமின்றிக் கழற்றுவதற்கு ஏற்றவாறுதான் அந்தப் பசை அமைந்திருக்கிறது. ஆகவே கடினமான பொருளை ஒரே கடி கடித்தாலும் பிடி பெயர்ந்துவிடலாம். ஐஸ் கட்டி, கோழி எலும்பு, கச்சாங் பூத்தே, நாசி லெமாக்கில் வரும் பொரித்த நிலக்கடலை ஆகியன இந்தப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுபவை. தமிழ் மாணவர்களுக்குத் தனியாக இரண்டு காலங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று தீபாவளி, முறுக்கு கடிப்பதற்காகவே சுடப்படுகிறது. மற்றொன்று பொங்கல், கரும்பைப் பல்லால் உரித்துத் தின்பதைவிடக் கம்பிக்குப் பெரிய சோதனை வேறில்லை. கரும்பைச் சாறாகப் பருகலாம், இனிப்பு என்பதை மறவாமல். கொய்யாவையும் ஆப்பிளையும் விட்டுவிடத் தேவையில்லை. முன்பல்லால் கடிக்காமல் மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கடைவாயில் மென்றால் போதும்.

பிடி பெயர்ந்தால் என்ன ஆகும்? அந்தப் பல்லின்மேல் விசை இல்லாமல் போகும். அது நின்றுவிடும், சில வேளைகளில் வந்த வழியே திரும்பும். அடுத்த சந்திப்பில் முன்னேறுவதற்குப் பதிலாகப் பழுது பார்ப்பதிலேயே நேரம் கழியும். சிகிச்சை நீண்டுபோவதற்கு இதுவே மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். பிடிகளோடு கம்பியைப் பிணைக்கும் சிறு ரப்பர் வளையங்கள் நிறமற்றவையாக இருந்தால், ஒரே ஒரு வேளை மீன்கறியில் அவை மஞ்சளாகிவிடும். நம் வீட்டுச் சமையலில் மஞ்சளைத் தவிர்ப்பது நடக்காத காரியம். இந்தக் கறையால் பல்லுக்குத் தீங்கில்லை. வளையங்கள் சந்திப்பின்போது மாற்றப்படும். அடர்நிற வளையங்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தக் கவலையே எழாது.

உண்மையான தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. பபிள் டீ கடைக்கு மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது. வாயில் உள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் அளவு 5.5க்கும் கீழே இறங்கினால் பற்சிப்பியிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை நடுநிலைப்படுத்தும். ஆனால் அதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு பெரிய கோப்பைப் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பர்களுடன் பேசியபடி ஒரு மணி நேரம் உறிஞ்சினால், ஒவ்வொரு மிடறும் உமிழ்நீரின் வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறது. கம்பி இல்லாத பல்லுக்கே இது கேடு. கம்பி உள்ள பல்லில், பிடிகளைச் சுற்றி நுண்ணுயிர்ப் படலம் தங்குவதற்கு ஏராளமான மூலைகள் உண்டு. போதாக்குறைக்கு, மரவள்ளி மாவு முத்துகளும் அங்கே ஒட்டிக்கொள்ளும். சுத்தம் குறைந்தால் ஒரே மாதத்தில்கூடப் பிடியைச் சுற்றி வெண்புள்ளிகள் தோன்றலாம். கம்பியைக் கழற்றும் நாளில் பற்கள் நேராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பிடி இருந்த இடத்தைச் சுற்றி வெண்ணிறச் சட்டம் தெரியும். ஈராண்டு உழைப்பின் பயன் இப்படியாகிவிடக் கூடாது. இனிப்புப் பானம் வேண்டுமானால் உணவோடு சேர்த்து ஒரே வேளையாகக் குடித்துவிட்டு, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட வேண்டும்.

பல் துலக்குவதில் புதிய பழக்கம் தேவைப்படும். தூரிகையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, முதலில் கம்பிக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட பகுதியையும், பிறகு கம்பிக்குக் கீழுள்ள பகுதியையும் தனித்தனியே துலக்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைவதற்கெனக் கூம்பு வடிவச் சிறு தூரிகைகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன. ஃபுளோரைடு கலந்த பற்பசை இன்றியமையாதது. கரைந்த தாதுக்கள் மீண்டும் படிய அது உதவுகிறது. இரவுத் துலக்கலே எல்லாவற்றிலும் முக்கியமானது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் பற்களுக்குப் பாதுகாப்பும் குறைகிறது. துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் பலர் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவர். உண்மையில் அந்த இடம்தான் கூடுதல் கவனத்தைக் கேட்கிறது.

சிலருக்கு மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் இணைக்கும் ரப்பர் வளையங்கள் தரப்படும். மருத்துவர் சொன்னால், உண்ணும் நேரமும் பல் துலக்கும் நேரமும் தவிர நாள் முழுவதும் அவற்றை அணிய வேண்டும். முன்னே சொன்ன ஓயாத விசையை இங்கு நினைவுகூரலாம். பகலில் வெட்கப்பட்டுக் கழற்றி வைத்துவிட்டு, ஈடுகட்டுவதற்காக இரவில் இரண்டிரண்டாக மாட்டுவதால் வலிதான் மிஞ்சும்.

பேச்சிலும் மாற்றம் தெரியும். தமிழ் மாணவர்களுக்கு இது தனிக் கவனத்துக்குரியது. தொல்காப்பியம் பிறப்பியலில் எழுத்தொலிகள் பிறப்பதற்குத் துணைசெய்யும் எட்டு உறுப்புகளைக் குறிப்பிடுகிறது. பல் அவற்றுள் ஒன்று. த, ந ஆகியவற்றை ஒலிக்க நாநுனி மேற்பல்லைத் தொட வேண்டும். ட, ண, ள ஆகியவற்றுக்கு நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அண்ணத்தை நெருங்கிச் செல்லும். வெளிப்பக்கக் கம்பி இவற்றுக்கு அதிகம் இடையூறு செய்வதில்லை. ஆனால் அண்ணத்தை மூடும் தகடு போன்ற கருவிகளை அணியும்போது, நாவுக்குப் பழகிய இடத்தில் நெகிழி குறுக்கிடும். லகர, ழகர, ளகர வேறுபாடு சில நாள்களுக்கு மங்கும். பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் இதற்காக மனந்தளரத் தேவையில்லை. நாளிதழின் ஒரு பத்தியை நாள்தோறும் உரக்க வாசித்தால், ஓரிரு வாரங்களில் நா புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும். புல்லாங்குழல், நாதஸ்வரம், டிரம்பெட் ஆகியவற்றை வாசிப்போருக்கும் உதடுகள் பழகச் சிறிது காலம் தேவை. ஹாக்கி, காற்பந்து, சிலம்பம் பயில்வோர் கம்பிக்கு ஏற்ற வாய்க்கவசத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்திப்புகளுக்கு இடைப்பட்ட காலம் எவ்வளவு முக்கியம் என்பதை 2020ஆம் ஆண்டு பலருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல் மருத்துவத்தில் அவசரச் சிகிச்சைகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. வழக்கமான கம்பிச் சந்திப்புகள் தள்ளிப்போயின. வாயில் கம்பியோடு வீட்டில் இருந்தவர்கள் தங்கள் பற்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பி தன் விசையைத் தீர்த்துவிட்டால் பல் நகராமல் நிற்கும். அதனால் கால இழப்புதான். சுத்தம் செய்யாத பல்லோ அந்த மாதங்களில் காத்திருக்காது, சொத்தையாகத் தொடங்கிவிடும்.

வீட்டிலேயே சமாளிக்கக்கூடியவை எவை, சமாளிக்கக் கூடாதவை எவை என்பதைக் கம்பி அணிந்தவர் அறிந்திருக்க வேண்டும். கன்னத்தை உராயும் பிடியின்மேல், மருத்துவர் தரும் மெழுகைச் சிறிய உருண்டையாக்கி அழுத்தி வைத்தால் புண் ஆறும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பதும் இதம் தரும். கம்பியின் நுனி நீண்டு குத்தினால் அதன்மேலும் மெழுகை வைத்துவிட்டு, மருத்துவ நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். வீட்டுக் குறடால் கம்பியை வெட்டுவது கூடாது. வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகக்கூடும். முகம் வீங்குதல், காய்ச்சல், நிற்காத இரத்தக் கசிவு ஆகியன ஏற்பட்டால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது.

கம்பி கழற்றப்படும் நாளில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வர். சிகிச்சை முடிந்துவிட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுவர். ஆனால் எலும்பு இன்னும் முழுமையாக இறுகியிராது. பல்லைச் சுற்றிய நார்கள் புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றியமைத்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். ஈறையொட்டிய நார்களுக்கு ஓராண்டு வரையும் தேவைப்படலாம். அதுவரை அவை இழுத்த ரப்பரைப்போல் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். திருகியிருந்து நேராக்கப்பட்ட பற்கள்தாம் மிக எளிதில் திரும்பிவிடுபவை.

இதைத் தடுப்பதற்காகவே ரிட்டெய்னர் தரப்படுகிறது. சிலருக்குப் பற்களின் உட்புறத்தில் மெல்லிய கம்பியாக ஒட்டப்படும். சிலருக்குக் கழற்றி மாட்டக்கூடிய தகடாகவோ ஒளி ஊடுருவும் உறையாகவோ தரப்படும். தொடக்கத்தில் நாள் முழுவதும், பின்னர் இரவில் மட்டும் என மருத்துவர் கூறும் முறைப்படி அணிய வேண்டும். ரிட்டெய்னர் தொலைந்துபோகும் கதை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சாப்பிடும்போது கழற்றி மெல்லிழைத்தாளில் சுற்றித் தட்டோரம் வைப்பர். மேசையைத் துடைப்பவர் அதைக் குப்பையென்று எடுத்துச் செல்வார். சிற்றுண்டிச்சாலையோ மாமாக் உணவகமோ, கழற்றியதும் அது அதற்குரிய பெட்டிக்குள் போக வேண்டும். கொதிநீரில் கழுவினாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் அந்த உறை வளைந்துவிடும். பிறகு பல்லில் சரியாகப் பொருந்தாது.

எஸ்.பி.எம். முடித்து, உயர்கல்விக்காக வேறு ஊருக்குப் போய் விடுதியில் தங்கும்போதுதான் பலர் ரிட்டெய்னரை மறக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து மாட்டிப் பார்த்தால் அது இறுக்கமாக இருக்கும். பற்கள் சற்று நகர்ந்துவிட்டன என்று அதற்குப் பொருள். இறுக்கமாக இருந்தாலும் முழுமையாகப் பொருந்தினால் மீண்டும் அணியத் தொடங்கலாம். பொருந்தவே இல்லையென்றால் பலவந்தமாக அழுத்தாமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும். வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கி வருவது, கம்பியே அணியாதவர்களுக்கும் இயல்பாக நிகழ்வது. அதனால்தான் இரவு ரிட்டெய்னரை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால், பற்கள் நேராக இருக்க வேண்டிய காலம்வரை அணியுங்கள் என்று பல நிபுணர்கள் பதில் சொல்கிறார்கள்.